டிக்கெட் இலவசம்... பஸ்ஸைத்தான் காணோம்!

இலவச பஸ்ஸால் மாதம் எவ்வளவு மிச்சம் என்று சமவெளிச் சகோதரிகள் எழுதுவதைப் படிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் எங்கள் மலைப்பக்கத்துக் கதையையும் கேளுங்களேன்!

2021 மே மாதம் தொடங்கிய திட்டம், நீலகிரிக்கு ஏறி வர 2024 ஆகிவிட்டது. வந்ததே பெரிசு என்று மகிழ்ந்தோம். ஆனால், குந்தா பக்கம் நான் குடியிருக்கும் எஸ்டேட் லைனுக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் நாலரைக்கு ஒரு பஸ். அவ்வளவுதான்! மண் சரிந்தால் அதுவும் கிடையாது. முன்பு ஆறு மணிக்கு ஒரு டிரிப் இருந்தது. ஏன் நிறுத்திட்டீங்க என்று கேட்டால், "ஆளே இல்லம்மா, கலெக்‌ஷன் ஆகலை" என்று பதில் வருகிறது.

ஆள் குறைந்தது நிஜம்தான். 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட ஜனத்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. பத்து வருஷத்தில் 26 ஆயிரத்துக்கு மேல் குறைவு! 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்தே திருப்பூர், கோவை என்று ஜனம் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதே 2011 கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. ஆயிரம் ஆண்களுக்கு 1,042 பெண்கள். மலையில் மிஞ்சி நிற்பது யார் என்று புரிகிறதா?

ஆள் இல்லாததால் பஸ் இல்லை என்கிறார்கள். நான் பார்த்தவரை பஸ் இல்லாமல்தான் ஆள் போகிறது. போன வருஷம் எங்கள் லைனில் மூன்று குடும்பம் வீட்டைக் காலி செய்தது. மூன்று வீட்டிலும் வேலை இருந்தது. வயசுக்கு வந்த பெண்பிள்ளையும் இருந்தது. பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ் விட ஐந்தரை ஆகிறது. நாலரை பஸ் போன பிறகு, ரோடு பிரிவிலிருந்து நாலு கிலோமீட்டர் பனிமூட்டத்தில் நடந்து வரணும். தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும். எந்தத் தாய்க்கு மனசு கேட்கும்? ஒன்று படிப்பை நிறுத்தணும், இல்லை ஊரை விடணும். அந்த மூன்று பேரும் ஊரை விட்டார்கள். படிப்பை நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள், அதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

இலவசமானாலும் கண்டக்டர் எங்களுக்கு டிக்கெட் கொடுக்கிறார்; அதற்கான பணத்தை அரசு ஈடுகட்டுகிறது. ஆக, ஏறினவள் கணக்கில் வருகிறாள். பஸ் இல்லாமல் ஏறாமலே போனவள்? சீசனில் வெளியூர் வண்டி சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று 2025-ல் ஹைகோர்ட் வரம்பு வைத்தது. செக்போஸ்டில் இ-பாஸ் பார்த்து எண்ணினார்கள். ஸ்டாப்பில் நிற்கிற எங்களை எண்ணத்தான் ஒருவரும் இல்லை!

2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கையோடு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறந்தார்கள். நல்ல விஷயம். பிரசவ வலிக்கு 108 வரும், சரி. மாசாமாசம் செக்கப்புக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் 108-ஐ கூப்பிட முடியுமா? ஜீப் வைத்தால் கொழுந்து பறித்த ஒரு நாள் கூலி அதற்கே போகிறது. கிழவிகள் மாத்திரையை நாள் தள்ளிச் சாப்பிடுகிறார்கள்.

2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கினார்கள். பெரிய பஸ் போகாத ஊருக்குத்தான் அது. தனியார் ஓட்டுவதால் டிக்கெட் எடுக்கணும். எடுத்துக்கொள்கிறோம், வண்டி வந்தால் போதும்! இல்லையென்றால் அந்த நாலரை மணி பஸ்ஸையாவது ஆறு மணிக்கு மாற்றுங்கள். புது பஸ் வேண்டாம், புது டிரைவர் வேண்டாம். நேரப் பலகையில் ஒரு எண்ணை மாற்றி எழுதினால் ஆயிற்று. மஞ்சூரில் படிக்கும் பதினோரு பெண்பிள்ளைகள் இன்னும் எங்கள் லைனில் இருக்கிறார்கள்.

- ஒரு தோட்டத் தொழிலாளி, குந்தா, நீலகிரி.