மருந்தடிப்பவரை யார் கேட்டது?

பூச்சியைக் கொல்லும் நஞ்சுக்கு நம் ஊரில் 'மருந்து' என்று பெயர். பெயர் நல்லதாக இருந்தால் பயம் போய்விடுகிறது. இப்போது இன்னொரு நல்ல பெயர் வருகிறது: 'பசுமை நானோ பூச்சிக்கொல்லி'.

வேம்பு போன்ற தாவரங்களின் இலைச்சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் கலந்தால், கரைந்திருக்கும் வெள்ளி நுண்துகள்களாகிறது. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இத்துகள்கள் பொதுவாக 100 நானோமீட்டருக்கும் சிறியவை. கோவை பாரதியார், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றைக் கொசுப்புழுக்கள் மீது சோதித்திருக்கிறார்கள். பயிர்ப் பூச்சிகள் மீதும் ஆய்வுகள் நடக்கின்றன. புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் கொஞ்சம் மருந்திலேயே அடங்குமானால் டெல்டாவுக்கு நல்லதுதான். ஆய்வை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் இலைச்சாற்றில் செய்ததாலேயே அது வேப்பஞ்சாறு ஆகிவிடாது. வயலில் தெளிக்கப்படுவது வெள்ளி. துகள் சிறுக்கச் சிறுக்க, மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடும். அந்த மூச்சு யாருடையது? நிலம் ஒருவருடையது, தெளிப்பானை முதுகில் சுமந்து சேற்றில் இறங்குபவர் பெரும்பாலும் நம் தெருவைச் சேர்ந்த கூலித் தொழிலாளி.

பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இல் வந்தது. மருந்தைக் கையாள்பவருக்குத் தக்க பாதுகாப்பு உடை வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நம் ஊரில் எத்தனை பேருக்குக் கையுறை கிடைத்தது? வாயில் கட்டிய துண்டுதான் கவசம். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாளில் பருத்திக்கு மருந்தடித்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நானோ வேளாண் பொருட்களை மதிப்பிட மத்திய அரசு 2020-இல் நெறிமுறைகள் வெளியிட்டது. அவை ஏட்டோடு நிற்கக் கூடாது. வயல் சோதனையில் பூச்சி எத்தனை செத்தது, மகசூல் எவ்வளவு என்பதோடு, மருந்தடித்தவரின் உடல்நலமும் பதிவாக வேண்டும். புட்டியில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் எழுதி, கிராம சபையிலும் வாசித்துக் காட்ட வேண்டும். பாதுகாப்பு உடையை வேலை கொடுப்பவர் தர வேண்டும். கூலியில் பிடிக்கக் கூடாது.

வேளாண்மையும் வேதியியலும் படிக்கும் நம் பிள்ளைகளே, அந்த ஆய்வுக்கூடங்களுக்குள் நீங்கள் போக வேண்டும். பூச்சியைப் பற்றிக் கேட்க அங்கே ஆள் இருக்கிறது. உங்கள் அப்பாவின் நுரையீரலைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டும்.