பின்புறம் இல்லாத துணி

பெண்கள் கையால் தைத்த துணிகளைக் கலைக்கூடங்களில் காட்சிக்கு வைப்பது நன்றே. ஆயின், வைக்கப்படும் முறையை நாம் ஏற்பதற்கில்லை. சுவரோடு சேர்த்து மாட்டிய சட்டம், அதன்மேல் கண்ணாடி, அருகில் 'பெயர் அறியப்படாத கலைஞர்' என்றொரு சீட்டு. இவ்வளவும் கூடி ஒரு துணியை எவ்வாறு பொய்யாக்கிவிடும் என்பதற்குச் சம்பா ருமால் ஒன்றே போதிய சான்று.

இன்றைய இமாசலப் பிரதேசத்தின் சம்பாவிலும் அதை அடுத்த மலைநாடுகளிலும் பெண்கள் தைத்துவந்த சதுரத் துணி இது. ருமால் என்பதற்குக் கைக்குட்டை என்று பொருள் கூறுவர். ஆயினும், வியர்வை துடைக்கவென்று எழுந்த துணி அன்று. மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் சீர்வரிசைகளின்மேல் போர்த்தவும், தெய்வத்திற்குரிய காணிக்கைகளை மூடவும் பயன்பட்டது. மெல்லிய பருத்தித் துணியில், முறுக்கேற்றாத பட்டு நூல் கொண்டு, 'தோருகா' எனப்படும் இருமுகத் தையலால் உருவங்களை நிரப்புவர். ஊசி முன்னும் பின்னும் ஒருங்கே நிரப்பிச் செல்லும். முடிச்சு கண்ணுக்குத் தென்படாது. முன்பக்கத்தில் குழலூதும் கண்ணன் பின்பக்கத்திலும் அதே நிறைவோடு ஊதுவான். இடமும் வலமும் மாறியிருக்கும், அவ்வளவே. தட்டைத் திறப்பவர் துணியை எப்படிப் புரட்டினாலும் அவர் கண்ணில் அலங்கோலம் படாது. அத்துணிக்குப் பின்புறம் என ஒன்று இல்லை. சுவரில் மாட்டியவர்தாம் அதற்கு ஒரு பின்புறத்தை உண்டாக்கினார்!

இனிப் பெயரைப் பார்ப்போம். ருமாலின் உருவங்களைக் கரியால் வரைந்து தந்தவர்களுள் பகாரி மரபின் ஓவியர்கள் உண்டு. அவ்வோவியர்களின் பெயர்களும் ஒருகாலத்தில் இருளில் கிடந்தவையே. அறிஞர் பி.என். கோஸ்வாமி அரித்துவாரப் புரோகிதர்களின் யாத்திரிகர் பதிவேடுகளைத் துருவி, நைன்சுக் போன்றோரின் குலவரிசையை நிறுவினார். 1968-இல் வெளிவந்த அவரது கட்டுரைக்குப் பின்னர், ஓவியர் குடும்பங்களைக் கொண்டே அம்மரபை ஆராய்வது வழக்கமாயிற்று. போற்றத்தக்க உழைப்பு! கோடு வரைந்த ஆண்களுக்காக ஏடுகள் புரட்டப்பட்டன. அதே கோட்டுக்குள் நாள்கணக்கில் ஊசி ஓட்டிய பெண்களுக்கோ 'அறியப்படவில்லை' என்னும் சீட்டே போதுமென்று விட்டுவிட்டோம்.

பெண்கள் தம் பெயரைப் பதிய விரும்பவில்லை என்பாரும் உளர். அவர்கள் கொல்கத்தாவை அடுத்த ஜோகாவுக்குச் சென்று, குருசதய் அருங்காட்சியகத்திலுள்ள காந்தாவைப் பற்றிக் கேட்டறியட்டும். பழம்புடவைகளை அடுக்கித் தைப்பது வங்கத்துக் காந்தா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்னும் பெண் தம் தந்தைக்கென அதைத் தைத்து, தம் பெயரையும் நூலாலேயே எழுதிவைத்தார். சம்பா ருமாலுக்காக 2022-இல் லலிதா வகீலுக்குப் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. இன்று தைப்பவருக்குப் பெயர் உண்டென்றால் அன்று தைத்தவருக்கு இல்லாமற்போகுமா? பெயர் கிட்டாவிடினும், எவ்வூர்த் துணி, எச்சடங்குக்கு உரியது, எவ்வீட்டிலிருந்து பெறப்பட்டது என்பனவற்றைத் தேடி எழுத எது தடை?

வெளிச்சம் சாயத்தைத் தின்னும், கைபட்டால் பட்டு நைந்துபோகும் என்று காப்பாளர் கூறுவர். உண்மையே. எனவே தொடவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. விளக்கொளியை மங்கலாக்குங்கள், சில திங்களுக்கு ஒருமுறை துணியை இருட்டறைக்கு அனுப்பி ஓய்வளியுங்கள். ஆனால் காட்டுகின்ற நாள்களில், இருபுறமும் கண்ணாடி பொருத்திய நிலைப்பேழையில் கூடத்தின் நடுவே நிறுத்துங்கள்; மக்கள் சுற்றிவந்து பார்க்கட்டும். அதற்கு இடமில்லையெனில், கண்ணாடித் தட்டின்மேல் துணியைப் படுக்கவைத்து, அதற்கடியில் முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். ஒரு சட்டத்திற்கு ஆகும் செலவில் அதை வாங்கிவிடலாம்.