ஐடில் ஸ்க்ரூவை அப்புறம் திருப்பலாம்

மெக்கானிக்கல் மக்களே, ஒரு கேள்வி. சூடான எஞ்சின், ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்கல. ஆனாலும் ஒரு பழைய பத்மினி 1500 ஆர்பிஎம்ல உறுமிட்டு நிக்குது. சாதாரணமா 800 பக்கம் இருக்கணும். முதல்ல எதைத் தொடுவீங்க?

நம்மில் பலர் கை நேரா கார்புரேட்டரோட ஐடில் ஸ்க்ரூவுக்குத்தான் போகும். அது கடைசியா தொட வேண்டியதுன்னு நான் சொல்றேன்.

கொடைக்கானலையே எடுத்துக்குங்க. உயரம் சுமார் 2,100 மீட்டர். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு சென்சாரும் கிடையாது, இசியூவும் கிடையாது. உள்ளே போற காற்றின் நிறை அடர்த்தியோட நேர் விகிதத்துல குறையும். வென்சுரி இழுக்கிற பெட்ரோலோ அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்க, கலவை சுமார் 11 சதவீதம் ரிச் ஆகுது. எஞ்சின் திணறும், ஐடில் இறங்கும். உடனே யாராவது ஸ்க்ரூவை ஏத்தி விடுவாங்க. அதே வண்டி வத்தலக்குண்டுக்கு இறங்கினதும் ஐடில் எகிறும். எதுவும் பழுதாகல, மலைக்காக வச்ச செட்டிங் சமவெளிக்கு வந்துடுச்சு, அவ்வளவுதான்.

இது வெறும் சத்தப் பிரச்சினை இல்ல. மலைப்பாதையில இறங்கும்போது இரண்டாவது கியர்ல எஞ்சின்தான் வண்டியைப் பிடிச்சு நிறுத்தணும். ஐடில் அதிகமா இருந்தா, கொண்டை ஊசி வளைவுல வேகம் குறையக் குறைய, எஞ்சின் பிடிக்கிறதுக்குப் பதிலா தள்ள ஆரம்பிக்கும். பாரம் முழுக்க பிரேக்குக்குப் போகும். பழைய டிரம் பிரேக் சூடானா பிடிப்பு போயிடும்.

அப்போ வரிசை என்ன? முதல்ல ஆக்ஸிலேட்டர் கேபிள் சிக்கி நிக்குதா, ரிட்டர்ன் ஸ்பிரிங் சரியா இழுக்குதான்னு பாருங்க. அடுத்து சோக். குளிர்ல காலையில இழுத்தது முழுசா உள்ளே போகலைன்னா ஐடில் ஏறியே இருக்கும். இரண்டும் சரின்னா சோக்கைக் கொஞ்சமா இழுத்துப் பாருங்க. எஞ்சின் ஓட்டம் சீரானா கலவையில பெட்ரோல் குறைவுன்னு அர்த்தம். கார்புரேட்டர் அடி கேஸ்கட், மேனிஃபோல்ட், வேக்கம் ஹோஸ் எங்கயாவது காற்று உள்ளே புகுது. அதுவும் இல்லைன்னா இக்னிஷன் டைமிங். இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஸ்க்ரூ.

காற்று கசியும்போது ஸ்க்ரூவை இறக்கினா சத்தம் அடங்கும், கசிவு அப்படியே இருக்கும். அறிகுறியை அடக்கிட்டு நோயை விட்டுட்டோம்.

"இப்போ எல்லாமே எம்பிஎஃப்ஐ, இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்கலாம். எம்பிஎஃப்ஐ வண்டியிலயும் ஏர் லீக் வந்தா ஐடில் தாறுமாறாகும். ஸ்கேனர் கோடு காட்டும். காரணத்தை நீங்கதான் தேடணும். பட்டறையில மெக்கானிக் அண்ணன் காதால கேட்டே சொல்றது மந்திரம் இல்ல, இதே வரிசை அவர் தலைக்குள்ள வேகமா ஓடுது.

நம்ம லேப்ல ஓடுற எஞ்சினுக்கு ரீடிங் எடுத்து, கிராஃப் போட்டு, ரெக்கார்டுல கையெழுத்து வாங்குறோம். ஒரு தடவையாவது வேணும்னே கோளாறு வச்ச கார்புரேட்டர் எஞ்சினைக் குடுத்து, "கண்டுபிடி"ன்னு விடணும். அந்த ஒரு மதியம் ஒரு செமஸ்டருக்குச் சமம். உங்க துறையிலயும் கேட்டுப் பாருங்க.