அதிவேகப் பெண்மணி

கோப்பை ஒரு சாண் உயரம்தான். அடிக்கட்டையில் ஒட்டியிருந்த தகட்டில் ‘அதிவேகப் பெண்மணி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தார்கள். என் பழைய மாணவி அதை என் கையில் திணித்து, “பிடிங்கம்மா, மழை வரும்போல இருக்கு, கூரையை மாட்டிடறேன்” என்று காரைச் சுற்றி ஓடினாள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்று அவள் பிரிவில் ஒன்பது பேர் ஓட்டினார்கள். எட்டுப் பேர் ஆண்கள். அவள் 39.84 வினாடியில் மூன்றாவதாக வந்தாள். நான்காவதாக வந்தவருக்கு 40.11. பலகையில் ஒட்டிய தாளில் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் பரிசு கொடுத்தபோது மூன்றாம் பரிசு அந்த 40.11க்குப் போனது. ஒருவருக்கு ஒரு பரிசுதான் என்பது அந்த மன்றத்தின் விதியாம். அவளுக்குத்தான் பெண்கள் கோப்பை இருக்கிறதே, மூன்றாம் பரிசு வேறு எதற்கு? எல்லோரும் கைதட்டினார்கள். நான்காவதாக வந்தவர் நல்ல மனிதர், சங்கடத்தோடு நெளிந்தார். நெளிந்துகொண்டே வாங்கிக்கொண்டார்.

நான் மோட்டார் பந்தயத்தைப் பற்றி எழுதுவதைப் பார்த்து என் துறைத் தோழிகள் சிரிக்கக்கூடும். வசதியுள்ளவர்களின் விளையாட்டு, பெட்ரோலை வீணே எரிக்கும் விளையாட்டு என்பார்கள். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் எழுதக் காரணம் உண்டு. இருபது ஆண்டுகளாக என்னைப் ‘பெண் கவிஞர்’ என்று மேடைக்கு அழைக்கிறார்கள். கவியரங்கில் எட்டு ஆண்கள், ஒரு நான். தொகுப்பு போட்டால் கடைசியில் ‘பெண்கள்’ என்று ஒரு பகுதி. இது அவமானம் என்று சொன்னால், ‘உங்களுக்குச் சிறப்பிடம் கொடுத்திருக்கிறோமே’ என்பார்கள். கவிதையில் கடிகாரம் இல்லை. நான் மூன்றாவதா முப்பதாவதா என்று நிரூபிக்க என்னிடம் தாள் கிடையாது. அந்த ஓடுதளத்தில் தாள் இருந்தது, வினாடியின் நூறில் ஒரு பங்குவரை. அத்தனை துல்லியமாக எழுதி வைத்துவிட்டுத்தான் அழித்தார்கள்.

ஸ்பிரிண்ட் என்றால் தொலைக்காட்சியில் பார்க்கிற பந்தயம்போல முட்டி மோதிக்கொண்டு ஓடுவதல்ல. ஒரு நேரத்தில் ஒரு வண்டி, சில சமயம் நடுவில் இடைவெளி விட்டு இரண்டு. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, வளைவுகளைக் கடந்து முடிவுக்கோட்டைத் தொட வேண்டும். காலையில் பயிற்சி ஓட்டங்கள், மதியம் கணக்கில் வரும் ஓட்டங்கள், அதில் நல்ல நேரம் எதுவோ அதுவே முடிவு. காரின் மூக்கில் சிறிய தகடு ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்தியிருக்கிறார்கள். அது ஒளிக்கற்றையை வெட்டும் கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். எனக்கு மிகவும் பிடித்தது தொடக்கம். பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டியதில்லை. மூச்சை ஒருமுறை இழுத்து விட்டு, தயார் என்று உனக்குத் தோன்றும்போது கிளம்பலாம். நீ நகரும்வரை கடிகாரம் காத்திருக்கும். ஒரு பெண்ணின் வாழ்நாளில் அப்படி அவளுக்காகக் காத்திருக்கும் கடிகாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தோள்வலிமைக்கும் அங்கே பெரிய வேலை இல்லை. அவள் வண்டி அரை டன்கூட இருக்காது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகம், மேலே அலுமினியத் தகடு, இரண்டு இருக்கை, கதவு கிடையாது. லோட்டஸ் செவன் என்று 1957இல் வந்த காரின் வம்சம். செவனைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். முழுக்காராக வாங்கினால் கொள்முதல் வரி, பாகங்களாக வாங்கினால் வரி இல்லை என்பது அன்றைய பிரிட்டிஷ் சட்டம். பூட்டுவது எப்படி என்ற குறிப்பை உள்ளே வைக்கக் கூடாது என்றும் விதி இருந்ததாம். அதனால் பிரிப்பது எப்படி என்று குறிப்பு எழுதி வைத்தார்கள், வாங்கியவர்கள் அதைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டார்கள் என்று அந்த வட்டாரத்தில் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1973இல் வரிச்சலுகை போயிற்று. அதே ஆண்டு கேட்டர்ஹாம் என்ற நிறுவனம் அந்தக் காரைச் செய்யும் உரிமையை வாங்கி இன்றுவரை பெட்டிபெட்டியாக விற்கிறது.

இந்த வரலாற்றில் காலின் சாப்மன் என்ற பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். மேதை, இலேசான வண்டிகளின் தந்தை. அவர் தன் முதல் காரை 1948இல் கட்டியது யார் வீட்டுப் பின்புறம்? காதலி ஹேஸல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுப் பின்னாலிருந்த கொட்டகையில். 1952இல் லோட்டஸ் நிறுவனம் தொடங்கிய முதலீடு? ஹேஸல் கொடுத்த 25 பவுண்டு கடன். இடமும் பணமும் அவள் வழி வந்தவை. பெயர்ப்பலகையில் இருப்பது அவன் பெயரின் முதலெழுத்துகள். இதை யாரும் மறைக்கவில்லை, எல்லாப் புத்தகத்திலும் ஒரு வரி இருக்கிறது. ஒரு வரி.

பெண்கள் இந்த விளையாட்டுக்குப் புதியவர்கள், கொஞ்சம் கைபிடித்து அழைத்து வர வேண்டும், அதற்குத்தான் தனிக்கோப்பை என்று அந்த மன்றத்துப் பெரியவர் என்னிடம் விளக்கினார். புதியவர்களா? 1905இல் பிரைட்டன் கடற்கரைச் சாலையில் நடந்த வேகப் போட்டியில் டோரதி லெவிட் என்ற பெண் மணிக்கு 79.75 மைல் வேகத்தில் ஓட்டினார். நேப்பியர் கார் நிறுவனத்தில் செயலராக வேலை பார்த்தவர். 1909இல் அவர் எழுதிய புத்தகத்தில், கைக்கண்ணாடி ஒன்றை எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவது தெரியும் என்று பெண்களுக்குச் சொல்கிறார். கார்களில் பின்பார்வைக் கண்ணாடி வழக்கமாவதற்கு முந்தைய காலம் அது. ஆனால் 1907இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தடம் திறந்தபோது அதே லெவிட்டுக்குப் போட்டியிட அனுமதி மறுத்தார்கள். மறு ஆண்டு பெண்களுக்கென்று ஒரு போட்டி வைத்தார்கள். அதன் பெயர் ‘பெண்கள் கைவளைப் போட்டி’. வென்றவர் மியூரியல் தாம்சன். வளையலில் தொடங்கிக் கோப்பைக்கு வந்திருக்கிறோம், அவ்வளவுதான் முன்னேற்றம்.

1935இல் அதே புரூக்லண்ட்ஸில் கே பீட்டரும் குவெண்டா ஸ்டூவர்ட்டும் யார் வேகம் என்று பார்த்துவிட நினைத்தார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து ஓட்டுவது ஆபத்து என்று தனித்தனியாக ஓடவிட்டார்கள். பீட்டர் ஐந்தடிக்கும் குறைவு, பெடலில் கட்டை வைத்துக்கட்டித்தான் பத்தரை லிட்டர் எஞ்சின் கொண்ட டெலாஜை ஓட்டினார். இருவரும் மணிக்கு 134 மைலைத் தாண்டினார்கள்.

இவற்றையெல்லாம் விடுங்கள். பிரிட்டிஷ் ஸ்பிரிண்ட் சாம்பியன்ஷிப் முதன்முதலாக நடந்தது 1970இல். அந்த முதல் பட்டத்தை வென்றவர் பாட்சி பர்ட், பெண், நாற்பதைத் தாண்டியவர். பெண்கள் பிரிவில் அல்ல. ஒட்டுமொத்தமாக. ஆண்கள் எல்லோரையும் பின்னால் விட்டு. ஒரு விளையாட்டின் முதல் தேசியப் பட்டமே ஒரு பெண்ணுடையது என்றால், அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு கழித்தும் ‘அதிவேகப் பெண்மணி’க்குத் தனித் தகடு அடிப்பதற்கு மறதி என்று பெயரா, வேறு பெயரா? பெரியவருக்குப் பாட்சி பர்ட்டைத் தெரிந்திருந்தது. “அவர் விதிவிலக்கு” என்றார். ஔவையாரைப் பற்றியும் நம் பேராசிரியர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

மாணவி என்னோடு சண்டைக்கு வந்தாள். “இட ஒதுக்கீட்டுக்காக மேடை மேடையாப் பேசறீங்க. இந்தக் கோப்பை மட்டும் ஏம்மா கசக்குது?” நியாயமான கேள்வி, வகுப்பிலும் இப்படித்தான் மடக்குவாள். என் பதில் இதுதான். இட ஒதுக்கீடு வாசலில் வேலை செய்கிறது. பூட்டிய கதவைத் திறந்து நாற்காலியும் சம்பளமும் தருகிறது, ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் நகர வேண்டியிருக்கிறது. அதனால்தான் அதற்கு அத்தனை எதிர்ப்பு. பெண்கள் கோப்பைக்கு எதிர்ப்பு உண்டா? ஒருவருக்கும் வலிக்காது. வாசலில் அது எதையும் செய்யாது. எப்படியோ தானாக உள்ளே வந்து ஓட்டி முடித்தவளைப் பிடித்து, ஆண்களின் வரிசையிலிருந்து எடுத்துத் தனி வரிசையில் வைக்கும். அன்று எழுபதுக்கு மேல் போட்டியாளர்கள், பெண்கள் மூவர். கோப்பை பல ஆண்டுகளாக இருக்கிறது. அழைத்து வந்த லட்சணம் அதுதான்.

வாசலில் என்ன பூட்டு இருக்கிறது என்று அவள் வீட்டில் தங்கிய பத்து நாளில் பார்த்தேன். வேறொருவர் பாதியில் விட்ட வண்டியை வாங்கியிருந்தாள். விளம்பரங்களில் பாதி வண்டிகள் அப்படித்தான் வருமாம். இளங்கலைத் தமிழ் படித்தவள், ஸ்பேனர் பிடித்ததில்லை. காணொளி பார்த்தும் கையேடு படித்தும் பழகிக்கொண்டாள். மருத்துவமனை அலுவலகத்தில் வேலை, ஏழு வயதுப் பையன், ஷிப்டு மாறும் கணவன். பையன் தூங்கிய பிறகு ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைவரை கராஜ் அவளுடையது. இப்படி இரண்டு ஆண்டுகள். அவள் நோட்டை எனக்குக் காட்டினாள். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கினாள் என்று தேதி போட்டுத் தமிழில் எழுதியிருக்கிறாள். ‘இடது முன் சக்கரம், மேல் விஷ்போன், முடிந்தது, மஞ்சள் பெயின்ட் வைத்தாயிற்று.’ அடுத்த வரியில் ‘நாளை பையனுக்கு நீச்சல், துண்டு.’ சாலையில் ஓட்ட அரசுச் சோதனை ஒன்று உண்டு. பாதசாரியைக் கீறும் கூர்விளிம்பு ஒன்றிருந்தாலும் தேறாது. ஒவ்வொரு விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்து ரப்பர் பட்டி ஒட்டினாளாம். அவளுடைய பல்லாண்டு வாசிப்புக்கு நான் போட்ட மதிப்பெண்ணைவிட அந்த நோட்டுக்குக் கூடப் போடுவேன்.

அவள் மன்றத்தில் கார் கட்டிய ஆண்களும் இரவில்தான் கட்டினார்கள். அவர்களுடைய இரவில் பையனின் துண்டு இல்லை. ‘வார இறுதிகளில் நீங்களே கட்டலாம்’ என்று விளம்பரம் சொல்லும்போது அந்த ‘நீங்கள்’ யார்? அவருடைய வார இறுதியில் சோறாக்கியது யார்? மணிக்கணக்கைப் போடுகிறவர்கள் அந்த மணிகளையும் சேர்த்துப் போடட்டும்.

எனக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. என் சிறுவயதில் சித்தப்பா சோழவரம் ரேஸுக்குப் போவார். அதுவும் போர்க்காலத்து விமான ஓடுதளம்தான். அண்ணன்கள் இருவரும் அவரோடு போய்ப் புழுதியும் டீசலும் மணக்கத் திரும்பி வருவார்கள். “பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன வேலை?” என்றார் அப்பா. சித்தப்பா எனக்கு ஒரு தொப்பி வாங்கி வந்தார். அதுவும் ஒரு கோப்பைதான்.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினோம். அந்தக் காரில் உட்கார்ந்தால் லாரியின் சக்கரம் நம் முகத்துக்கு நேரே சுழலும். கையை நீட்டினால் தார்ச்சாலை தொட்டுவிடும் தூரம். நான் நடுக்கம் தீர்ந்து இறங்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அருமையான கார். உங்கள் கணவருடையதா?” இவள் சிரித்தபடி, “இல்லை, கணவர்தான் என்னுடையவர்” என்றாள். அவர் சிரித்துவிட்டு எஞ்சின் பற்றிக் கேட்கத் திரும்பியது, முக்காடு போட்டுக் குளிரில் ஒடுங்கி நின்ற என் பக்கம் அல்ல என்பதே எனக்கு ஆறுதல். பக்கத்துப் பம்பில் நின்ற வேறொரு ஆணிடம் கேட்டார்.

கோப்பையைத் திருப்பிக் கொடு என்றேன். மறுத்துவிட்டாள். அந்த மனிதர்களோடுதான் அடுத்த மாதமும் நிற்க வேண்டும், டயர் கழற்ற ஜாக்கி கடன் தருகிறவர்கள் அவர்கள்தான், ஊருக்குப் போய்விடப் போகிற உங்களுக்கு என்ன என்றாள். அதுவும் சரிதான். ஆனால் அன்றிரவு உட்கார்ந்து மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவளே எழுதினாள், நான் டீ போட்டேன். மூன்று கோரிக்கைகள்: வென்ற இடத்துக்கான பரிசை எந்தத் தனிப்பரிசுக்காகவும் பறிக்கக் கூடாது. பெண்கள் கோப்பைக்குச் செலவாகும் பணத்தில் முதல்முறை வரும் பெண்களுக்கு நுழைவுக்கட்டணம் தள்ளுபடி செய்ய வேண்டும். போட்டி நாளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஓர் ஆளும் வேண்டும்.

முதலாவதைக் குளிர்காலக் கூட்டத்தில் பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது. மூன்றாவதுக்குப் பதிலே இல்லை. அடுத்த போட்டிக்கான விண்ணப்பத்தில் ‘பெண்கள் பரிசுக்குப் போட்டியிடுகிறேன்’ என்ற கட்டத்தை டிக் செய்யாமல் அனுப்பியிருக்கிறாள். கோப்பை கராஜ் அலமாரியில் இருக்கிறதாம், 13 மில்லிமீட்டர் நட்டுகள் போட்டு வைக்கச் சரியான அளவு என்கிறாள்.