மலையேறும் பேனா

 

சில ஆண்டுகளுக்கு முன்னர் பூப்பாறைப் பக்கம் ஓர் உறவினர் இல்லத் திருமணம். நிக்காஹ் தஃப்தரில் சாட்சியாகக் கையொப்பமிடும் பொறுப்பை எனக்குத் தந்திருந்தார்கள். அந்த மகிழ்ச்சியில், புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டையின் பையில் என் நெடுநாள் தோழனாகிய மைப்பேனாவைச் செருகிக்கொண்டு, போடிநாயக்கனூரிலிருந்து காலையில் ஜீப்பில் புறப்பட்டேன். முந்தலைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறினோம். போடிமெட்டில் தேநீர் அருந்த இறங்கியபோது உடன் வந்த மைத்துனர் என் நெஞ்சைப் பார்த்து, "மச்சான், என்ன இது?" என்று பதறிப்போனார். குனிந்து பார்த்தேன். சட்டைப் பையின் கீழே உள்ளங்கை அகலத்திற்கு நீலம் படர்ந்திருந்தது. துண்டைப் போர்த்தி மறைத்தபடியே சபையில் அமர்ந்தேன். கையொப்பமிட்டது இமாம் அவர்கள் இரவல் தந்த பால்பாயிண்ட் பேனாவால்!

அந்தக் கதையை இப்போது நினைவுபடுத்தியவர் போடியில் வசிக்கும் என் தூரத்து உறவுச் சகோதரி ஒருவர். அவருடைய மகன் மலைமேல் உள்ள ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்திருக்கிறான். "அண்ணே, அவன் தினமும் பையில் வைத்துக்கொள்ள, விலை அதிகமில்லாத நல்ல மைப்பேனா ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பேனா வாங்கித் தரும் இல்லங்கள் அனைத்திற்கும் இது பயன்படும்.

என் சட்டையைக் கெடுத்தது எது?

அன்று நான் பேனாவைத்தான் நொந்துகொண்டேன். உண்மையில் பிழை என்னுடையது. பேனாவுக்குள் மை மட்டும் இருப்பதில்லை. எழுத எழுத மை குறைகிறது. குறைந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. போடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. போடிமெட்டோ ஏறத்தாழ 1,400 மீட்டர். முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சேர்வதற்குள், வெளிக்காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே குறைந்துவிடுகிறது. அப்போது பேனாவுக்குள் அடைபட்டிருக்கும் காற்று விரிகிறது. விரியும் காற்றுக்கு வெளியேற இருக்கும் ஒரே வழி நிப்புதான். அந்த வழியில் மை நின்றால் மையைத்தானே முன்னால் தள்ளும்?

கணக்கிட்டுப் பாருங்கள். உடம்பு முழுவதும் மை ஊற்றும் பேனாவில் சுமார் 3 மில்லி மை பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி தீர்ந்த நிலையில் உள்ளே 1½ மில்லி காற்று இருக்கும். அது பத்தில் ஒரு பங்குக்கு மேல் விரிந்தால் மூன்று நான்கு சொட்டு மை வெளியே வந்தாக வேண்டும். வெள்ளைச் சட்டைக்கு அது போதாதா? போதாக்குறைக்கு, நெஞ்சோடு ஒட்டிய பையில் உடற்சூடு வேறு அந்தக் காற்றை விரிக்கிறது.

ஆகவே மலையேறும் நாளில் பேனாவில் மை நிறைய இருக்க வேண்டும். அல்லது அறவே இருக்கக் கூடாது. பாதி நிலைதான் ஆபத்தானது. பேனாவை நிப்பு மேல்நோக்கி இருக்குமாறு செருகுங்கள். அப்படியிருந்தால் காற்று மேலே நின்று, மையைத் தொடாமலே வெளியேறிவிடும். பைக்குள் படுத்துக் கிடக்கும் பேனாதான் கக்கும். இறங்கி வரும்போது இந்தத் தொல்லை இல்லை. உள்ளிருக்கும் காற்று சுருங்கிக்கொள்கிறது. வளைகுடாவுக்கு விமானத்தில் செல்லும் நம் சகோதரர்களுக்கும் இதே அறிவுரை பொருந்தும். பறக்கும் விமானத்தினுள் இருக்கும் காற்றழுத்தம் போடிமெட்டில் இருப்பதைவிடவும் குறைவானது.

கலீஃபா கேட்ட பேனா

கசியாத பேனா வேண்டும் என்ற ஆசை நேற்றுப் பிறந்ததன்று. 10ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவையும் பின்னர் எகிப்தையும் ஆண்ட ஃபாத்திமிய கலீஃபா அல்முஇஸ், மைக்கூட்டில் தோய்க்காமல் எழுதக்கூடிய, தன்னுள்ளேயே மையைத் தாங்கிய, கையையும் ஆடையையும் கறைப்படுத்தாத ஒரு எழுதுகோலைச் செய்து தரும்படி கேட்டார் என்று, அவருடைய அவையில் இருந்த காழி நுஃமான் எழுதி வைத்திருக்கிறார். கைவினைஞர் அதைப் பொன்னால் செய்து கொண்டுவந்தார். எழுதிப் பார்த்தபோது தேவைக்குச் சற்று அதிகமாக மை இறங்கிற்றாம். சரிசெய்யச் சொல்லி, அது சரிசெய்யப்பட்டது. தலைகீழாகத் திருப்பினாலும் அது சிந்தவில்லை என்கிறது அந்தக் குறிப்பு.

இன்று நாம் பயன்படுத்தும் அமைப்புக்கு நியூயார்க்கின் லூயிஸ் வாட்டர்மன் 1884இல் காப்புரிமை பெற்றார். நிப்பின் அடியில் நாக்குப் போல் ஒரு கட்டை இருக்கிறதல்லவா? அதில் வெட்டியுள்ள மெல்லிய பள்ளங்களின் வழியே மை கீழே இறங்க, அந்த அளவுக்குக் காற்று மேலே ஏறுகிறது. மலிவான பேனாவும் விலையுயர்ந்த பேனாவும் இந்த ஒரே முறையில்தான் எழுதுகின்றன. கலீஃபாவின் பொற்பேனாவுக்கே திருத்தம் தேவைப்பட்டதென்றால், நாம் வாங்கும் பேனாவின் நிப்பைக் கடைக்காரரிடம் சற்றுச் சரிசெய்து தரக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

எதை வாங்குவது?

முந்நூறு ரூபாய்க்குள் அன்றாடப் பயன்பாட்டிற்கேற்ற நல்ல பேனா கிடைக்கிறது. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் பளபளப்புக்கும் பெயருக்கும்தான். மை நிரப்பும் முறையை மட்டும் கவனித்து வாங்குங்கள்.

உடம்பிலேயே மை ஊற்றும் பேனா முதல் வகை. மும்பையின் வாலிட்டி, நம் திருவள்ளூரின் ரங்கா, ராஜமுந்திரியின் ரத்னம் ஆகியோர் இவ்வகையைச் செய்து பெயர் பெற்றவர்கள். இவற்றுள் கையால் கடைந்து செய்பவற்றின் விலை கூடுதல். ரத்னம் பேனா ஒன்று ஜே.சி. குமரப்பா வழியாகக் காந்தியடிகளைச் சென்றடைந்து, 1935இல் அவர் அதற்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதியது வரலாறு. இவ்வகையில் மை நிறையப் பிடிக்கும். பழுதாவதற்கு உறுப்புகளும் குறைவு. வீட்டு மேசைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் மிக ஏற்றது. நாள்தோறும் மலையேறுபவருக்கு மட்டும் நான் இதைச் சொல்லமாட்டேன்.

உள்ளே இருக்கும் சிறு பையை இரு விரலால் அமுக்கி மையை உறிஞ்சும் பேனா இரண்டாவது வகை. சீனத்து ஹீரோ பேனாவை நம்மில் பலர் இப்படித்தான் அறிவோம். மைக்குழாயைச் செருகும் கேட்ரிட்ஜ் பேனா மூன்றாவது. பார்க்கர் வெக்டர் போன்றவை அவ்வகை. கேட்ரிட்ஜை அடிக்கடி வாங்குவது செலவு. அதற்குப் பதிலாகக் கன்வெர்ட்டர் என்னும் உறிஞ்சு குழாயை ஒருமுறை வாங்கிப் பொருத்திவிட்டால், புட்டி மையையே நிரப்பிக்கொள்ளலாம். இந்த இரு வகைகளிலும் மை இருக்கும் அறை சிறியது. அதனால் விரியும் காற்றும் சிறிது. பிதுங்கி வரும் ஒரு சொட்டைக் கட்டையின் பள்ளங்களே தாங்கிக்கொள்ளும். மலைக்கு இவையே ஏற்றவை.

கடைக்குச் செல்லும்போது, நீங்கள் வழக்கமாக எழுதும் நோட்டின் தாள் ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கடையின் வழவழப்பான தாளில் எல்லாப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும். கணக்கு நோட்டுத் தாளில், அதுவும் மலையின் ஈரக்காற்றில் ஊறிய தாளில், தடித்த நிப்பு எழுதினால் மை பரவி 3 என்பது 8 ஆகிவிடும். மெல்லிய எஃகு நிப்பே கணக்குக்கு நல்லது. அழுத்தாமல் உங்கள் பெயரை நாலைந்து முறை எழுதிப் பாருங்கள். கீறினாலும் விட்டுவிட்டு எழுதினாலும் வேறொன்றைக் கேளுங்கள். மூடி இறுகப் பொருந்துகிறதா, கிளிப் பையைக் கவ்விப் பிடிக்கிறதா என்று பாருங்கள். நிப்பு கெட்டால் மாற்று நிப்பு கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

பேனாவைவிட மை பெரிது

மேலே சொன்னவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. அதை என் அத்தாவின் வாழ்க்கையிலிருந்து சொல்கிறேன்.

அத்தா மர்ஹூம் அவர்கள் மலைமேல் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதியவர். ஏலச்செடியில் ஒரே நாளில் காய் எடுத்து முடிந்துவிடாது. ஒரு சுற்று எடுத்து மீண்டும் அதே செடிக்கு வர ஒரு மாதத்திற்கு மேலாகும். பருவம் முழுவதும் சுற்றுக்குச் சுற்று, ஆளுக்கு ஆள், எடை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பருவத்தின் தொடக்கமோ மழைக்காலம். ஓர் ஆடி மாத மாலையில் ஜீப்பின் பின்புறம் அமர்ந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த நோட்டு நனைந்துவிட்டது. அவர் எழுதியது ராயல் புளூ மையால். வீட்டுக்கு வந்து பிரித்தால் நாலைந்து பக்கங்களில் எழுத்தே இல்லை. வானத்து நீலம் மட்டும் இருந்தது.

அவ்வார இறுதியில் காய் எடுக்கும் அம்மாள் ஒருவர், தாம் வாங்கிய முன்பணத்தில் இருநூறு ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டதாகச் சொன்னார். அத்தாவுக்கு நினைவில்லை. பார்க்க எழுத்தும் இல்லை. அன்றைய இருநூறு ரூபாய் அவருடைய சம்பளத்தில் கணிசமான பகுதி. "எழுதிக் காப்பது என் பொறுப்பு. எழுத்தைத் தொலைத்தவன் நான். அதற்கு அந்த அம்மாளின் கூலியைப் பிடிப்பதா?" என்று சொல்லித் தம் சம்பளத்திலிருந்து அந்தத் தொகையைக் கட்டிவிட்டார். மறுவாரமே நீலக்கறுப்பு மைக்கு மாறினார். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம் என்பதை அவர் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அந்த நாட்களில்தான்.

இப்போது ஏலக்காய் ஏலம் போடியிலும் புற்றடியிலும் கணினி வழியாக நடக்கிறது. ஆயினும் நான் அறிந்த தோட்டங்களில், கூடையை நிறுக்கும் இடத்தில் இன்றும் கையெழுத்துதான். ஓர் ஏழையின் கூலி அந்த எழுத்தில் இருக்கிறது.

ஆகவே மை வாங்கும்போது புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்திற்குத் துவைத்தால் போகும் ராயல் புளூ நல்லது, சட்டையும் தப்பும். கணக்கு, கடன், பத்திரம் ஆகியவற்றுக்கு நிலைத்து நிற்கும் பெர்மனென்ட் மையே வேண்டும். பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு வரி எழுதி, நன்றாக உலரவிட்டு, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் படிக்க முடிந்தால் அதுவே உங்கள் மை. அக்காலத்தில் நம் நாட்டார் கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் காய்ச்சிய மையும் இவ்வாறு நிலைத்து நிற்பதுதான். ஆனால் வீட்டில் காய்ச்சிய மையையோ, ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கையோ பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், கட்டையை அடைத்துவிடும். நிலைத்த மை ஊற்றிய பேனாவை மாதம் ஒருமுறையேனும் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம்.

கார்பன் வைத்துப் படி எடுக்கும் பில் புத்தகத்திற்கு மைப்பேனா உதவாது. அதற்கு அழுத்தி எழுதும் பால்பாயிண்ட்தான் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொட்டும் மழையில் நின்று எழுதுவதற்கும் அதுவே மேல். மைப்பேனாவின் நன்மை வேறு. அழுத்தாமல் எழுதலாம், நாள் முழுவதும் எழுதினாலும் விரல் நோகாது, ஒரு புட்டி மை பல மாதங்களுக்கு வரும், தீர்ந்ததும் குப்பையில் எறிய வேண்டியதில்லை.

அந்தச் சகோதரி மகனுக்கு மெல்லிய நிப்புள்ள கன்வெர்ட்டர் பேனா ஒன்றும், நிலைத்த கறுப்பு மைப் புட்டி ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். தண்ணீர்ச் சோதனையைத் தாமே செய்து பார்த்தாராம், மளிகைக் கடைப் பாக்கிச் சீட்டின் மேலேயே! "எழுத்து அப்படியே இருக்கிறது அண்ணே, பாக்கியும் அப்படியே இருக்கிறது" என்று சிரித்தார். மகன் இப்போது பேனாவை நிப்பு மேலே இருக்கும்படி செருகிக்கொண்டுதான் ஜீப் ஏறுகிறானாம்.