பகடையும் தெரிவும்

பொருளியற் கட்டுரையில் ஒரு சமன்பாட்டைக் கண்டதுமே, "முதலாளித்துவத்தின் கண்கட்டு வித்தை" என்று புத்தகத்தை மூடிவிடும் பழக்கம் எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. இதனை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். நாம் படியாது விட்ட கணக்கை வேறொருவர் படித்து, ஏழையின் பஸ் எவ்வழியால் ஓடவேண்டும் என்று தீர்மானிக்கிறார்.

1970களில் சன் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிற் 'பார்ட்' ரயில் ஓடத் தொடங்குமுன், வேலைக்குச் செல்வோரில் நூற்றுக்குப் 15 பேர் அதில் ஏறுவர் என்றது அதிகாரபூர்வமான எதிர்வு. டானியல் மக்பாடன் குழுவினரின் 'லொஜிற்' கணக்கு 6.3 என்றது. பின்னர் ஏறியவர்களோ 6.2. அதிகாரிகளின் வீம்பை உடைத்த கணக்கை நாம் ஏன் வெறுக்கவேண்டும்?

ஆயின் லொஜிற்றுக்கும் ஒரு குருடு உண்டு. ஓர் ஊரிற் பாதிப்பேர் காரிலும் பாதிப்பேர் சிவப்பு பஸ்ஸிலும் போகின்றனர். அதே வழியில், அதே கட்டணத்தில், நீல நிறம் பூசிய இன்னொரு பஸ்ஸை விட்டால், பஸ் பயணிகள் இரண்டாகப் பிரிவர்; காரில் வந்தவர் காரிலேயே வருவார். குழந்தைக்கும் விளங்கும் இது லொஜிற்றுக்கு விளங்காது. மூன்றுக்கும் மூன்றிலொரு பங்கு என்று அடித்துச் சொல்லும்.

இரு பஸ்களின் உறவையும் கணக்கிற் கொள்ளும் 'புறொபிற்' முறை அப்போதே இருந்தது. எனினும் தெரிவுகள் நான்கைந்தானதும் அதன் தொகையீடுகள் கணனிகளைத் திணறடித்தன. 1989இல் மக்பாடன் ஒரு கட்டுரையிலும், ஆரியல் பேக்ஸும் டேவிட் பொலார்டும் இன்னொன்றிலும் வழி திறந்தனர். தொகையீட்டைத் தீர்க்க முயலவேண்டாம். எழுமாற்று எண்களைக் கொண்டு கணனிக்குள்ளே பயணிகளைப் படைத்து, யார் எதில் ஏறுகின்றனர் என்று எண்ணினாற் போதும். ஒருவருக்குச் சில தடவை பகடை உருட்டினாலே, ஆட்கள் பலராகும்போது பகடையின் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மதிப்பீடு முடியும்வரை அதே எண்களை மாற்றாது வைத்திருக்கவேண்டும், அவ்வளவே. அழகான சிந்தனை! எமது மாணவர் இதைக் கற்கத்தான் வேண்டும்.

இப்பகடையின் விடையை வேதவாக்காகக் கொள்ளும் பண்டிதர்களுக்கும் ஒரு வார்த்தை. கார் வாங்க வழியற்ற தொழிலாளியும் உங்கள் கணனிக்குள்ளே 'தெரிவு' செய்கிறான். இரவு வேலை, வீட்டிலே கைக்குழந்தை, இருட்டில் நடக்கும் பயம் என்று ஆய்வாளர் கேளாது விட்டவையெல்லாம் 'தனிமனித ரசனை' என்ற பெயரில் எழுமாற்று எண்ணாகின்றன. இல்லாமைக்கு ரசனை என்று பெயர் சூட்டிய கொடுமை வேறெங்குண்டு?

அப்பால் 'நேரத்தின் பெறுமதி' வருகிறது. ஒரு மணித்தியாலம் மிச்சமாக எவ்வளவு கொடுப்பாய் என்பதே கேள்வி. பணம் மலிந்தவன் கூடக் கொடுப்பான். ஆகவே அவனுடைய மணித்தியாலம் விலை கூடியது. இப்பெறுமதிகளை அப்படியே கூட்டினால், ஆயிரம் ஏழைகளின் காத்திருப்பிலும் சில நூறு செல்வரின் அவசரம் பெரிதாகத் தோன்றலாம். எல்லோருக்கும் ஒரே சராசரிப் பெறுமதியைக் கொள்ளும் வழக்கமும் சில அரசுகளிடம் உண்டு. எதைக் கொள்வது என்பதைப் பகடை சொல்லாது. அது அரசியற் தீர்மானம்.

இத்தகைய அறிக்கை கையில் வந்தால், வறியவருக்கு எத்தனை தெரிவுகளை எழுதினீர்கள் என்று நாம் கேட்போம். அவர்களுடைய மணித்தியாலத்துக்கும் அதே விலையிட்டு மறுபடி கணிக்கச் சொல்வோம். இன்றைய கணனிக்கு அது பெரிய வேலையன்று.