பெயரைச் சொன்னால் போதுமா?

தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளர்கள் பச்சைத் துண்டு அணிந்து களத்து மேட்டுக்கு வருவார்கள். டாக்டர் எம்.எஸ்.சுவாமிநாதன் காட்டிய வழியில் நடப்போம் என்பார்கள். கொடி மாறும், இந்தப் பெயர் மாறாது. 2024ல் அவருக்குப் பாரத ரத்னா அளிக்கப்பட்ட பின் அது இன்னும் உரக்க ஒலிக்கிறது. பெயரைச் சொல்வது எளிது. அவர் சொன்னதைச் செய்வதுதான் கடினம்.

செய்து காட்டிய அரசியல்வாதியும் உண்டு. 1964ல் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சரான சி.சுப்பிரமணியம், விஞ்ஞானிகளின் யோசனையைக் கேட்டார். பலத்த எதிர்ப்புக்கிடையே 1966ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை வரவழைத்தார். டெல்லியில் தம் வீட்டுப் புல்தரையை உழுது அக்கோதுமையை விதைத்தும் காட்டினார். 1967 தேர்தலில் அவர் தோற்றார். ஆனால் 1968ல் கோதுமை அமோகமாக விளைந்தது.

இனி இன்றைய கணக்கைப் பார்ப்போம். டாக்டர் சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2004 முதல் 2006 வரை ஐந்து அறிக்கைகள் தந்தது. குறைந்தபட்ச ஆதரவு விலை, சராசரி உற்பத்திச் செலவைவிட 50 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. 2007ல் வந்த தேசிய விவசாயிகள் கொள்கையில் இது இடம்பெறவில்லை. 2018-19 நிதிநிலை அறிக்கையில் ஒன்றரை மடங்கு விலை அறிவிக்கப்பட்டது. ஆனால் எந்தச் செலவுக்கு ஒன்றரை மடங்கு?

கைச்செலவும் குடும்பத்தார் உழைப்பும் மட்டும் சேர்த்தது ஒரு கணக்கு. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பு, முதலுக்கான வட்டி ஆகியவற்றையும் சேர்த்தது மற்றொரு கணக்கு. 2024-25ல் சாதாரண ரக நெல்லுக்கு முதல் கணக்குப்படி குவிண்டாலுக்குச் செலவு 1,533 ரூபாய். ஆதரவு விலை 2,300 ரூபாய். விவசாயச் சங்கங்கள் கேட்கும் இரண்டாம் கணக்குப்படி விலை 3,012 ரூபாய் ஆகியிருக்கும். வித்தியாசம் 712 ரூபாய். இரு தரப்பாரும் சொல்வது அதே பெயரைத்தான்!

இன்னொன்றையும் மேடைகளில் கேட்க முடிவதில்லை. பசுமைப் புரட்சி தொடங்கிய வேளையிலேயே, 1968 ஜனவரியில் வாரணாசி அறிவியல் மாநாட்டில் அவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தால் அது வற்றிப்போகும். வடிகால் இல்லாத பாசனம் மண்ணை உவராக்கும். கண்டபடி பூச்சிமருந்து தெளிப்பது கேடு. பல நாட்டு ரகங்களை விட்டு ஓரிரு ரகங்களையே பயிரிட்டால் நோய்க்கு வழியாகும் என்றார். ஆழ்துளைக் கிணறு வற்றிய ஊரில் இதை எடுத்துச் சொல்லும் வேட்பாளர் யார்? விலை உயர்வு ஓட்டு வாங்கித் தரும். தண்ணீர்ச் சிக்கனம் தராது. பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது மரியாதை ஆகாது.

விவசாயப் பெருமக்களே! விதை வாங்கும்போது நீல நிறச் சான்று அட்டையைப் பார்க்கிறீர்கள். அதோடு நிற்காமல் நூறு விதையை ஈரச் சாக்கில் முளைக்க வைத்து, எண்பதாவது முளைக்கிறதா என்றும் பார்க்கிறீர்கள். வேட்பாளர் சொல்லும் பெயரும் அந்த அட்டை போன்றதே. எந்தச் செலவுக் கணக்கு? எத்தனை பயிருக்குக் கொள்முதல்? நிலத்தடி நீருக்கு என்ன திட்டம்? இம்மூன்றையும் கேளுங்கள். முளைப்புத் திறன் தெரிந்துவிடும்.